திருப்பிப் போட்ட படம்

“என்கிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா இப்பவே கேட்டுடுலா. தாலி கட்டிட்டா அப்புறம் நான் பெரிய மனுஷன்.”

“ஒண்ணே ஒண்ணு கேப்பேன். இப்ப இல்ல.”

“எப்ப?”

“கேக்க வேண்டிய நேரம் வரட்டும்.”

ஆறு வருடத்துக்கு முன்னால், கெப்பாலா பத்தாஸ் ஊரிலிருந்த மாமா வீட்டில் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்புகையில், கடலைக் கடக்கும் ஃபெர்ரிப் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குகனும் காமினியும் பேசிய பேச்சு அது. குகன் அன்றைக்கே மறந்திருப்பான். காமினி மறக்கவில்லை.

குகன் பகலில் தொழிற்சாலை எஞ்சினியர், மாலையில் இசையமைப்பாளன். இதுவரை நான்கு பாட்டுக்குப் படம் போட்டு வெளியிட்டிருந்தான். நான்கையும் வரைந்தது காமினிதான். நான்கிலும் கடைசியில் ‘ஓவியங்கள்: குகன் குழுவினர்’ என்று ஓடும். அந்தக் குழுவினரைத் தேடினால், இந்த ஃப்ளாட்டின் பின்னறையில் மை பிடித்த விரலோடு ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பாள்.

இந்த ஐந்தாவது பாட்டு, காமினியின் அம்மா வடிவம்மாளைப் பற்றியது. இருபத்தெட்டு வருடம் விடியற்காலை ஃபெர்ரி ஏறி, அக்கரையில் புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள். அந்தப் பயணத்தைப் பழைய சீனச் சுருள் ஓவியம் போலக் காட்ட வேண்டும் என்பது காமினியின் யோசனை. மையும் தண்ணீரும் மட்டும். வேறு நிறமே கிடையாது. சுருளை வலது பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே போவது போல, படமும் வலமிருந்து இடமாக நகரும். நடுவில் வெறும் வெள்ளைத் தாள்தான் கடல். சனிக்கிழமை தோறும் சீனச் சங்கத்து வகுப்பில் உட்கார்ந்து, நான்கு வருடம் பழகிய தூரிகை அது.

ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையில் திட்டக் கூட்டம். பழைய கிடங்கின் சுவரில் பாட்டுப் படங்களைத் திரையிடப் போகும் கலை அமைப்பிலிருந்து நூர்ஜான் வந்திருந்தாள். அவள் சரி என்றால், ஊரே அந்தச் சுவரில் பார்க்கும். குகனின் அக்கா லோகேஸ்வரி, ரொட்டி சானாய் பொட்டலங்களோடு முதல் ஆளாக ஆஜர்.

குகன் கணினியில் முன்னோட்டத்தை ஓட்டினான். இரண்டாவது நொடியிலேயே காமினிக்குத் திக்கென்றது. ஃபெர்ரி எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

“என்னங்க, படம் தலைகீழா போகுது?”

“ஆமா, கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிட்டேன். நீ வலது பக்கத்துலேருந்து போட்டிருந்த. நம்ம ஆளுங்க இடமிருந்து வலமாதானே படிப்பாங்க? ஏதோ மறதியில போட்டுட்டியோன்னு நெனச்சேன்.”

“மறதியா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

“நீ தூங்கிட்டிருந்தேம்மா. சின்ன விஷயம்லா.”

“அந்த வெள்ளையா கெடக்கே, அதுல நாலு தாமரையப் போட்டு விடு தம்பி,” என்றாள் லோகேஸ்வரி, ரொட்டியைக் குழம்பில் தோய்த்தபடி. “டிவி கெட்டுப் போச்சுன்னு நெனைக்கப் போறாங்க.”

காமினி பல்லைக் கடித்துக்கொண்டாள். திரையில் இப்போது ஃபெர்ரிக் கம்பியைப் பிடித்த கை வந்தது. இயந்திரத்தில் சிக்கிச் சுட்டு விரல் நுனி போன கை. அம்மாவுக்குப் போனது வலது கை விரல். இங்கே இடது கையில் நுனி இல்லாமல் இருந்தது. ஆறு வருடமாக அந்த வலது கை பரிமாறியதை வாங்கிச் சாப்பிட்டவருக்கு, இதுகூடக் கண்ணில் படவில்லையா?

கடைசிக் காட்சியின் மூலையில் ஒரு சிவப்புச் சதுரம் வந்து நின்றது.

“நல்லாருக்கு. யார் வரைஞ்சது?” என்று கேட்டாள் நூர்ஜான்.

“நம்ம டீம்தான் மேடம்,” என்றான் குகன், பெருமையாக.

“அந்தச் செவப்புல இருக்கிற சீன எழுத்துக்கு என்ன அர்த்தம் அண்ணே?” நூர்ஜான் திரையைச் சுட்டினாள்.

குகன் குனிந்து பார்த்தான். “அது... அர்த்தமெல்லாம் இல்ல மேடம். அந்த ஆர்ட்டுக்கு ஒரு டிசைன்.”

காமினி எழுந்தாள். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. பின்னறைக்குப் போய், விரல் நீளக் கல் ஒன்றையும் சிவப்பு மைக் கிண்ணத்தையும் கொண்டுவந்தாள். கல்லை மையில் ஒற்றி, குகன் முன்னால் கிடந்த திட்டக் காகிதத்தின் மேல் ஓங்கி அழுத்தினாள். குழம்புக் கிண்ணம் ஆடியது.

“சாப் அடிக்க இதென்ன போஸ்ட் ஆபீஸா?” என்றாள் லோகேஸ்வரி.

காகிதத்தில் சிவப்பாக, தெளிவாக, தமிழில் இருந்தது: காமினி.

“சீன எழுத்து இல்ல மேடம்,” என்றாள் காமினி. “வரைஞ்சவங்க தங்களோட முத்திரைய வைக்கிறது அந்த ஓவியத்தோட வழக்கம். இது என்னோடது. இவர் படத்தத் திருப்பினதுல, என் பேரும் சேர்ந்து திரும்பிடுச்சு. கட்டின பொண்டாட்டி பேரு இவருக்கு டிசைனாத் தெரியுது.”

நூர்ஜான் காகிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப அந்த டீம்...”

“நான்தான். அஞ்சு பாட்டுக்கும்.”

“வீட்டுக்குள்ள என்னம்மா உன் பேரு, அவன் பேருன்னு?” என்றாள் லோகேஸ்வரி. “எல்லாம் ஒரே குடும்பந்தானே?”

“ஒரே குடும்பம்னா உங்க தம்பி பேரும் வேணாங்க்கா. ‘இசை: குடும்பத்தார்’னு போட்டுடலாமா?”

லோகேஸ்வரியின் கை ரொட்டியோடு பாதியில் நின்றது.

குகன் சிவப்பு எழுத்தின் மேல் விரலை வைத்தான், ஈரம் ஒட்டிக்கொண்டது. “எனக்குத் தெரியல காமினி,” என்றான் மெல்ல. “ஒரு தடவ... நீ கேட்டிருக்கலாமே.”

“கேப்பேன்னு அன்னிக்கே சொன்னேன். ஃபெர்ரியில. ஒண்ணே ஒண்ணு.”

அவன் நிமிர்ந்தான். மறந்தது ஒவ்வொன்றாகத் திரும்பி வருவது அவன் முகத்தில் தெரிந்தது. அவனாகவே அவள் பேரைப் போடுவான் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் காத்திருந்தாளே, அது அவள் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இனி சொல்ல வேண்டியது அது அல்ல.

“இப்பக் கேக்குறேன். படத்தத் திருப்பி நேராக்குங்க. என் பேரப் போடுங்க. கடைசியில குழுவினர்னு இல்ல. பாட்டு தொடங்குறப்பவே, உங்க பேருக்குப் பக்கத்துல, அதே அளவுல: ஓவியம், வடிவம்மாள் மகள் காமினி.”