அடிக்காத அப்பா

பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர் வைத்தார்கள். கணக்குப் பாடம் நடக்கும்போதுகூட வாயை மூடிக்கொண்டு ஏதாவது மெட்டை இழுத்துக்கொண்டிருப்பாள். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குப் போனபோது அந்தப் பெயரையே கொடுத்தாள். சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு, கிட்டார் வாசித்துப் பாடிய ஒரே போட்டியாளர் அவள்தான். அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். அம்மா துணி ஆலையில் சட்டைக் காலர் தைத்தாள்.

அரையிறுதிக்கு முன், நிகழ்ச்சிக்குக் கதை எழுதுகிற பெண் அவளை ஒப்பனை அறையில் உட்காரவைத்தாள்.

"குரல் நல்லா இருக்கு. ஆனா ஓட்டு விழணும்னா பாக்குறவங்க கண்ணு கலங்கணும். வீட்டுல யாராவது பாடக் கூடாதுன்னாங்களா?"

"பத்தாவது பரீட்சை சமயத்துல அப்பா கிட்டாரைத் தூக்கி அலமாரி மேல வெச்சுட்டாரு. ஒரு மாசம் தொடவிடல."

"அடிச்சாரா?"

அவள் மேசையிலிருந்த பவுடர் டப்பாவைத் திறந்து மூடினாள்.

"அடிச்சாருன்னு வெச்சுக்கலாமா?"

தலையாட்டினாள். அதோடு விட்டிருந்தால்கூட வேறு விஷயம். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவளுக்கே எங்கிருந்தோ வந்தது. "அப்பா குடிச்சிட்டு வந்து கிட்டாரைச் சுவத்துல அடிச்சு உடைச்சாரு. அப்புறம் என்னையும்..." என்று நிறுத்தினாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. பிறகு, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றித் தான் எழுதிய பாட்டைப் பாடினாள். நடுவர்கள் எழுந்து நின்றார்கள்.

வீட்டுக்குப் போனபோது அம்மா கரண்டியோடு வந்தாள். "குடிச்சாரா? உங்கப்பாவா? இருமல் மருந்து குடிச்சாலே தலை சுத்துதுன்னு படுத்துக்குற மனுஷன்டி அவரு!"

காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அப்பா சொன்னார்: "விடு. டிவிக்காரங்க எழுதிக் குடுத்திருப்பாங்க. பாவம், அவ என்ன பண்ணுவா?"

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

போட்டியில் மூன்றாவது இடம்தான். ஆனால் முதலிடம் வாங்கியவனை ஜனங்கள் மூன்று மாதத்தில் மறந்துவிட்டார்கள். அந்தப் 'பூட்டிய கதவு' பாட்டு மட்டும் முடிதிருத்தும் கடையிலிருந்து மருத்துவமனை வரவேற்பறைவரை ஒலித்தது. ஓர் இசைக் கம்பெனி அவளை ஒப்பந்தம் செய்தது. தனி வீடு பார்த்துப் போனாள். இரண்டாவது ஆல்பத்தில் ஒன்பது புதுப் பாட்டுகள் எழுதினாள்; ஒன்றும் எடுபடவில்லை. எந்த மேடையில் ஏறினாலும், "கதவு! கதவு!" என்றே கூட்டம் கத்தியது.

பாடி முடித்ததும் பெண்கள் வருவார்கள். ஒருநாள் நர்ஸ் உடையில் ஒருத்தி வந்தாள். சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கைக்கு மேலிருந்த தீக்காயத் தழும்பைக் காட்டினாள். "எங்கப்பா பண்ணது. உங்க பாட்டைக் கேட்டுத்தான்க்கா தைரியமா வீட்டை விட்டு வந்தேன்." சில்வண்டைக் கட்டிக்கொண்டாள். அந்த நர்ஸ் தோளில் சாய்ந்து அழுதபோது, தன் கைகளை எங்கே வைப்பது என்றே சில்வண்டுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு கடைத் திறப்பு விழாவில், அப்பாவோடு பல வருஷம் ஒரே பேருந்தில் போன கண்டக்டர் வந்து நின்றார். "அப்பாவுக்கு டயர் பாக்குற வேலை பழகிடுச்சாம்மா?"

"என்ன டயர்?"

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். நிகழ்ச்சியில் குடும்பப் படத்தைக் காட்டியிருந்ததால், போட்டிக்குப் பிறகு பயணிகள் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டார்கள். "பொண்ணை அடிக்கிறவன் ஓட்டுற வண்டியில ஏற மாட்டேன்" என்று ஒரு பெண் நடுவழியில் இறங்கிப் போனாள். இன்னொருத்தன் காசை அவர் மடியில் விட்டெறிந்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நாலு மாதம் தாங்கிவிட்டு, பணிமனைக்குள்ளேயே வேலை கொடுங்கள் என்று அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருஷமாக அங்கே டயர்களுக்குக் காற்று பார்க்கிறார்.

விழாவிலிருந்து நேராக வீட்டுக்குப் போனாள்.

"ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

"என்னத்தைச் சொல்றது? நீ அலைஞ்சுக்கிட்டு இருந்தே."

"டிவிக்காரங்க எழுதிக் குடுக்கலப்பா. நானேதான் சொன்னேன்."

அப்பா நகத்தில் ஒட்டியிருந்த கறுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "தெரியும். கிட்டாரை எடுத்து வெச்சப்போ நீ மூணு நாள் சரியா சாப்பிடல. ஒருவேளை உனக்கு அது அடிச்ச மாதிரியே இருந்துச்சோ என்னவோன்னு நெனைச்சுக்கிட்டேன். அப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பாத்தா, நெஜமாவே ஒரு அடி குடுத்தேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"இல்லப்பா! ஒரு நாள்கூட இல்ல!"

"இல்லைல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மறுநாள் காலை வானொலி நேர்காணலில், புதுப் பாட்டைப் பற்றிக் கேட்டவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா குடிக்க மாட்டார், அடித்ததில்லை, அழுகை வரவழைக்க நான் சொன்ன பொய் என்றாள். சாயங்காலத்துக்குள் கம்பெனி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. மேடைகள் நின்றன. நர்ஸிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நான் நெஜத்தைச் சொன்னப்பவும் யாரும் நம்பல." அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தாள், எழுதி எழுதி அழித்தாள். கடைசியில், "மன்னிச்சிடும்மா" என்று மட்டும் அனுப்பினாள். மறுமொழி வரவில்லை.

பிழைப்புக்குச் சோப்பு விளம்பரத்துக்கும் பற்பசை விளம்பரத்துக்கும் நாலு வரி மெட்டுப் போட்டுக் கொடுத்தாள். அதில் பெயர் வராது. அது நிம்மதியாக இருந்தது.

ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது அப்பாவைத் திரும்ப வண்டி ஓட்டக் கூப்பிட்டார்கள். முதல் நாள் அவளும் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் ஏறிய ஒரு அம்மாள் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "பெத்த அப்பனை வித்துப் பாட்டுப் பாடினவ இவதான்." சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலைகுனிந்துகொண்டாள். அப்பா திரும்பவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அவர் எழுந்து வந்தார்.

"நாளையிலிருந்து இந்த வண்டியில வராதே பாப்பா."

"அசிங்கமா இருக்காப்பா?"

"இல்லம்மா. உன்னை யாராவது பேசினா என்னால ரோட்டைப் பாத்து ஓட்ட முடியல."

அடுத்த நாள் அவள் ஒலிப்பதிவு அறைக்கு நடந்தே போனாள். வழியில் அப்பாவின் வண்டி கடந்து போயிற்று. நிரம்பி இருந்தது.