சல்லடைக்கு அடியில் விழுந்தது

எங்கள் அப்பா கடையில் ஒரு பலகை தொங்கும். ‘எங்கள் அரிசியில் கல் எடுத்துக் காட்டினால் மூட்டையைத் திருப்பித் தரலாம்.’ உடன்குடி பஜாரில் நாற்பது வருஷம் தொங்கிய பலகை. ஒருத்தரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்ததில்லை. அந்தப் பெருமையைத் தின்று வளர்ந்தவள் கையில் ரேடியோ டெலஸ்கோப்பின் தரவைக் கொடுத்தால் என்ன செய்வாள்? சலிப்பாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சலிப்பாள். அவள்தான் நான், அருணாசலவடிவு. வீட்டில் வடிவு.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்திச்சி. மிச்ச நேரத்தில், முத்தையாபுரத்தில் எங்கள் மளிகைக் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து குட்டி கேலக்ஸி தேடுகிறேன். இந்தக் குட்டிகளில் நட்சத்திரம் கொஞ்சம்தான், அதனால் சாதாரண டெலஸ்கோப்பில் மங்கித் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. ஆனால் வயிறு நிறைய ஹைட்ரஜன் வாயு வைத்திருக்கும். அந்த வாயு ரேடியோ அலையில் முனகிக்கொண்டே இருக்கும். திரையில் ஊசி மாதிரி ஒல்லியாக ஒரு மேடு தெரிந்தால் அதுவாக இருக்கலாம். செல்போன், செயற்கைக்கோள், போகிற வருகிற விமானம் போடும் இரைச்சலும் அதே ஊசி மாதிரிதான் தெரியும், சனியன். அந்த இரைச்சலைக் கழிக்கத்தான் கம்ப்யூட்டரில் ஒரு சல்லடை எழுதி வைத்திருந்தேன்.

எங்கள் குழுவில் வானத்தை ஒன்பது துண்டாக்கி ஒன்பது பேர் தேடினோம். எட்டுப் பேருக்கு ஏதாவது கிடைத்துவிட்டது. என் துண்டில் மூன்று வருஷமாக ஒரு பூச்சி பொட்டு இல்லை. புனேயில் இருக்கும் என் கைடு கிருபாநிதி சார், நாசரேத்துக்காரர், அந்த வாரம் போன் செய்தார்.

“வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மீட்டிங், வடிவு. அதுக்குள்ள ஒண்ணாவது காட்டு. இல்லன்னா உன் துண்ட மூடிட்டு, டெலஸ்கோப் நேரத்த மத்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்திருவாங்க. நான் ஒருத்தன் சொல்லி நிக்காது.”

“என் தரவு அவ்வளவு சுத்தமா இருக்கு சார்.”

“சுத்தமாத்தான் இருக்கு. அதான் எனக்குக் கவலையா இருக்கு.”

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். விடியற்காலையிலிருந்து பார்த்தும் திரை துடைத்து வைத்த தட்டாக இருந்தது. பதினோரு மணிக்கு எரிச்சலோடு கீழே இறங்கினேன். என் வீட்டுக்காரர் செந்தில்முருகன் சரக்கு எடுக்க மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“உம்முன்னு இருக்கதுக்கு, இங்கன உக்காந்து அந்த அரிசியச் சலிச்சு வையேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சலித்தேன். கோபத்தில் கை நன்றாக ஓடியது. அரிசி மேலே நிற்க, கீழே விழுந்ததை அள்ளி வாசலில் இருந்த குப்பைக்கூடையில் தட்டினேன். தட்டி முடித்துக் கையை உதறும்போது அடுத்த தெரு விஜிலா வந்தாள். நாலு கோழி வளர்க்கிறவள்.

“யக்கா, கோழிக்குக் குருணை எடுத்து வச்சிருக்கீங்களா?”

“கீழ விழுந்ததெல்லாம் குப்பையில போட்டுட்டேன் விஜிலா.”

அவள் கூடையைச் சரித்து, குத்தவைத்துப் பொறுக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து இவர் வண்டி வந்து நின்றது.

“ஏளா, கிறுக்கா பிடிச்சிருக்கு? சல்லடைக்கு அடியில போனா குப்பையா? புழுதிய ஊதிட்டுப் பாரு, பாதி அரிசிதான் கெடக்கு. நம்ம கடையில அதுக்குன்னே ஒரு டின்னு இருக்கு. உங்க அப்பா கடையிலதான் தெருவுல கொட்டுவாங்க, பெரிய சுத்தக்காரங்க.”

அப்பாவைச் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. பதில் கொடுக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சல்லடைக்கு அடியில் என்ன விழுந்தது என்று மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட நான் குனிந்து பார்த்ததில்லை.

“ஏளா, எங்க ஓடுத?”

“மேல. குப்பையக் கிளற.”

நல்லவேளை, கம்ப்யூட்டர் குப்பையை லாரியில் ஏற்றி அனுப்புவதில்லை. கழித்ததெல்லாம் கோப்பில் கிடந்தது. சல்லடைக் கண்ணை ஒரு சுற்றுச் சிறிதாக்கி, கழித்ததை மறுபடி ஓட விட்டேன். ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது. அனல் மின் நிலையம் வைத்து ஊருக்கெல்லாம் மின்சாரம் காய்ச்சி அனுப்புகிற ஊர், எங்கள் தெருவுக்கு மட்டும் இல்லை. இருக்கிற ஒரு இன்வெர்ட்டரிலும் கடை ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே இவர் பெட்டியை அணைத்துவிட்டு வயரை மாடிக்குத் திருப்பினார்.

“ஐஸ் உருகிருமே.”

“உருகுனா குடிச்சிக்கிடலாம். உனக்கு இன்னைக்கு ஒண்ணும் கிடைக்கலன்னா இந்த வீட்டுல மனுசன் குடியிருக்க முடியாது.”

இரண்டே காலுக்கு மூன்று ஊசிகள் தேறின. இனி ஒரே ஒரு சோதனைதான். அதே இடத்தை ஜனவரியிலும் மே மாதத்திலும் பார்த்திருக்கிறோம். மனுஷன் போட்ட இரைச்சல் என்றால் இரண்டு மாதத்திலும் ஒரே அதிர்வெண்ணில் உட்கார்ந்திருக்கும். வானத்தில் இருப்பது என்றால் அப்படி இருக்காது. பூமி சூரியனைச் சுற்றுகிறதே, ஒரு மாதம் அதை நோக்கி ஓடும், இன்னொரு மாதம் விலகி ஓடும். அதனால் அதிர்வெண் கொஞ்சம் நகரும். எவ்வளவு நகரும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம்.

முதல் ஊசி நகரவில்லை. இரண்டாவதும் நகரவில்லை. மூன்றாவது நகர்ந்திருந்தது. பேப்பரில் கணக்குப் போட்டேன், ஒத்து வந்தது. மறுபடி போட்டேன், அப்போதும் ஒத்து வந்தது. அதை முதன்முதலில் கழித்த தேதியைப் பார்த்தேன். நான் இந்தத் தேடலில் சேர்ந்த முதல் வாரம். மூன்று வருஷமாக அங்கேயேதான் கிடந்திருக்கிறது. சந்தோஷத்திலும் வெட்கத்திலும் அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

மீட்டிங்கில் இரண்டு மாதத்துப் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினேன். ஆளுக்கு ஒன்றாகக் குடைந்து கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கடைசியில் கிருபாநிதி சார் பேசினார்.

“உன் துண்டு உங்கிட்டயே இருக்கும், வடிவு. பட்டியல்ல எழுத அதுக்கு ஒரு செல்லப்பேரு சொல்லு.”

“குருணை, சார்.”

“எங்க அம்மா கோழிக்குப் போடுவாங்களே, அதுவா?”

“அதேதான் சார்.”

கீழே வந்தபோது இவரும், இன்னும் போகாமல் இருந்த விஜிலாவும் உருகிய கப் ஐஸைக் காப்பி மாதிரி குடித்துக்கொண்டிருந்தார்கள். விஜிலா மடியில் அவள் பொறுக்கிய ஒரு கை குருணை.

“கிடைச்சுதா?” என்றார்.

“கிடைச்சுது. குருணைன்னு பேரு வச்சிருக்கு.”

“அம்புட்டுச் சின்னதா?”

“அதுல உள்ள வாயு மட்டும் ஒரு கோடி சூரியன் எடை இருக்கும்.”

அவர் கப்பைக் கீழே வைத்தார். “ஒரு கோடி சூரியனையா மூணு வருசமா குப்பையில போட்டு வச்சிருந்த?”

“ஆமா” என்றேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அதெல்லாம் இருக்கட்டும், என் கோழிக்கு என்ன சொல்லுதீங்க?” என்றாள் விஜிலா.

டின்னை எடுத்தேன், காலி. சலித்து வைத்த அரிசியில் கையை விட்டு, நல்ல பொன்னியாக இரண்டு படி அளந்து அவள் பையில் கொட்டினேன். இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எங்கள் அப்பா கடையைப் பற்றி அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை.