எட்னா இல்லாத சந்து

ஆல்மா தெருவில் கலர் டிவி வைத்திருந்தது எட்னா ஹார்ட்லி மட்டும்தான். அதனால் மாவிஸ் செய்த பொம்மைப் படத்தின் முதல் பகுதியைப் பார்க்க, தெருவே எட்னா வீட்டு முன்னறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. எட்னா ஆளுக்கொரு துண்டு பன்றிக்கறி அடைத்த அப்பமும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தாள். படத்தைச் செய்த மாவிஸோ, ஓடிவிடத் தோதாகக் கதவோரம் நின்றாள்.

‘பிளம்ட்ரீ சந்து’ என்ற அந்தத் தொடருக்கு ஒரு தெரு நிறைய ஆட்கள் வேண்டியிருந்தது. எங்கே போவாள்? தன் தெருவையே அள்ளிக்கொண்டு போய்விட்டாள். கரிக்காரர் பிராட்பென்ட் கூன் முதுகோடு கரிக்காரப் பொம்மையானார். ஊர் வம்பை மோப்பம் பிடிக்கும் மிஸஸ் நெட்டில் என்ற பொம்மைக்கு அவள் யோசிக்கவே இல்லை. எட்னாவின் பூப்போட்ட தலைத்துணி, எட்னாவின் அகலமான இடுப்பு. எட்னா ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்காத நாள் அந்தத் தெருவில் உண்டா?

செய்யும்போது சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மாவிஸின் கணவன் சொல்லாமல் கொள்ளாமல் கடற்கரை ஊரான பிளாக்பூலுக்கு வேறொருத்தியோடு போன குளிர்காலத்தில், அவள் வீட்டுக் கணப்பை மூட்டி, ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பாடு வைத்தவள் எட்னா. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மாவிஸுக்கு அந்த ஊரில் வேறு நாதியில்லை.

படம் தொடங்கியது. “ஐயோ, அது நான்தான்யா! முதுகப் பாரு!” என்று பிராட்பென்ட் தொடையைத் தட்டினார். அடுத்து மிஸஸ் நெட்டில் ஜன்னல் திரையை விலக்கிக் கழுத்தை நீட்டினாள். அறையே வெடித்துச் சிரித்தது. மாவிஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“அட, இது நம்ம மாவிஸு!” என்றார் பிராட்பென்ட்.

“அவளேதான்!” என்றாள் மீன்கடை டோரிஸ். “மூக்க உறிஞ்சுறதப் பாரேன். என் கடை வாசல்ல நின்னு இப்படித்தானே உள்ள எட்டிப் பாப்பா!”

பொம்மையைக் கடுகளவு நகர்த்திப் படமெடுத்து, மறுபடி நகர்த்தும் வேலை அது. எதை நகர்த்தும் முன்னும் மாவிஸ் கண்ணாடி முன் நின்று தானே ஒருமுறை அதைச் செய்து பார்ப்பாள். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். துணி எட்னாவுடையது, அசைவெல்லாம் மாவிஸுடையதாகிவிட்டது. போதாததற்கு, ஆறேழு மாதமாகத் தெருவில் ஒவ்வொருவரையும் ஒளிந்து நின்று பார்த்ததும் அவள்தானே. வெட்கம் பிடுங்கித் தின்றாலும் அப்பாடா என்றிருந்தது. தப்பித்தாள்.

எல்லோரும் போன பிறகு எட்னா தட்டுகளை அடுக்கினாள். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

“எட்னா, கோவமா?”

“எனக்கென்ன கோவம்?” ஒரு தட்டு ணங்கென்றது. “கரிக்காரனப் போட்ட. டோரிஸப் போட்ட. எதுத்த வீட்டு நாயக்கூட விட்டுவைக்கல. பக்கத்து வீட்டுல இத்தன வருசமா குப்ப கொட்டுறேன், நான் ஒருத்தி உன் கண்ணுக்குத் தெரியலையா, கண்ணு?”

கடைசியில் அவள் குரல் உடைந்துவிட்டது. மாவிஸுக்குத் தாங்கவில்லை.

“அந்த மிஸஸ் நெட்டில் நீங்கதான், எட்னா. உங்களப் பாத்துத்தான் செஞ்சேன். தப்புதான், மன்னிச்சிடுங்க.”

“போடி, சமாளிக்காத! அவ வம்புக்காரி. நான் யார் வீட்டு விஷயத்துக்காவது போயிருக்கேனா?” வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எட்னாவின் கை தானாகத் திரையை விலக்கியது. “இந்தா, டோரிஸ் மக மறுபடி அந்தத் தாடிக்காரன் பின்னால உக்காந்து வரா. உருப்பட்ட மாதிரிதான்.”

மாவிஸ் சிரிப்பை மென்று விழுங்கினாள். “அடுத்து எடுக்குறதுல நீங்க வருவீங்க. சத்தியமா.”

“என்னவா வருவேன்?”

இத்தனை நாள் அந்தத் தலைத்துணியைத் தவிர எதைப் பார்த்தோம் என்று மாவிஸுக்கே தெரியவில்லை.

“தெரியல, எட்னா. இனிமேதான் பாக்கணும்.”

எட்னா கையைத் துடைத்தாள். தலைத்துணியை அவிழ்த்து, நரைத்த முடியை இரண்டு கையாலும் ஒதுக்கிவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்ப இப்பவே நல்லாப் பாத்துக்க,” என்றாள்.

மாவிஸ் எதிரே உட்கார்ந்து பார்த்தாள்.