மூன்று கிராம்

"நான் தொடவே இல்லைங்கறேன், நீ பாட்டுக்கு..."

"தொடாம எப்படிங்க இருக்க வேண்டியதைவிட மூணு கிராம் எடை ஏறும்? குறைஞ்சிருந்தா நானே..."

"உன் தராசு தப்பா இருக்கும்."

"என் தராசைச் சொல்லாதீங்க."

தராசின் மேல் பழி போட்டதுதான் அவர் செய்த பிசகு. பார்சல் அலுவலகத்தில் பதினோரு வருடமாக எடை போடுகிறவள் அவர் மனைவி. சமையலறை மேசையில் இருந்த சின்னத் தராசு அங்கே கழித்துப் போட்டதை அவள் சரிபண்ணி எடுத்து வந்தது. அதன் மேல் ஒரு பழுப்புநிறப் பாட்டில் நின்றது. லேபிளில் பெயர் கிடையாது, எண் மட்டும்.

முடி உதிர்வதற்கு ஒரு புது மருந்தை மருத்துவமனையில் ஆறு மாதம் பெண்களிடம் மட்டும் சோதித்துப் பார்க்கிறார்கள். சில பாட்டில்களில் மருந்து, சிலவற்றில் வெறும் ஸ்பிரிட் கலவை. எதில் எது என்று கொடுக்கிற நர்ஸுக்கே தெரியாது. காலையில் ஒரு மில்லி, இரவில் ஒரு மில்லி வகிட்டில் தடவ வேண்டும். ஆறு மாதத்தையும் ஒழுங்காக முடிப்பவர்களுக்கு அசல் மருந்து ஒரு வருடத்துக்கு இலவசம். அவளுக்கு இது ஐந்தாவது மாதம். வெள்ளிக்கிழமைதோறும் பாட்டிலை எடை போட்டு எழுதி வைப்பது மட்டும் யாரும் சொல்லாமல் அவளாகச் சேர்த்துக்கொண்ட வேலை.

"கோடு சரியாத்தானே இருக்கு?" என்றார் அவர்.

"எந்தக் கோடு?"

அவள் பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் திருப்பினாள். லேபிள் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு பென்சில் கோடு, அதற்கு மேலே தினம் போட்டு அழித்த கோடுகளின் தடம். மருந்து மிகச்சரியாக அந்தக் கோட்டில் நின்றது.

"எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தி வச்சிருக்கீங்க."

"அளவு ஒண்ணுதானே?"

"அளவு ஒண்ணு, எடை ஒண்ணா? இது ஸ்பிரிட். தண்ணி அதைவிடக் கனம். பெயிண்ட்ல தண்ணி கலக்குற கை எங்க போகும்?"

"இருபத்திரண்டு வருஷமா சுவருக்கு அடிக்கிறேன். ஒரு சுவரும் என்னை எடை போட்டுப் பாத்ததில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கோபம் போய்விடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"ஏழு நாள்தான். கொஞ்சம் தாராளமாத் தடவிட்டேன். உச்சியில முளை விட்ட மாதிரி இருக்கு, தொட்டுப் பாரேன்."

"ஏழு நாள்ல கீரை முளைக்கும். முடி முளைக்காது."

அவர் தொப்பியைக் கழற்றவில்லை. இப்போதெல்லாம் வீட்டுக்குள்ளும் தொப்பிதான்.

"புது மேஸ்திரி என்னைப் பெரியவரேங்கறான். ஏணியெல்லாம் வேண்டாம் பெரியவரே, கீழ நின்னு வாளியைக் கலக்கிக் குடுங்கங்கறான். எனக்கு நாப்பத்தாறு. அவனுக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட. தலை நிறைய வச்சிருக்கான்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அந்த விட்டமின் மாத்திரையை எடுத்து நீட்டுவ."

"ஒரு வருஷம் முழுங்கினேன் அதை. நகம்தான் வளர்ந்துச்சு." அவள் பாட்டிலை மூடினாள். "நான் தராசைக் குனிஞ்சு பாக்கும்போதெல்லாம் வரிசையில நிக்கிறவங்க என் உச்சியைத்தாங்க பாக்கறாங்க. பார்சலைப் பாக்கறதில்ல. உங்களுக்காவது தொப்பி இருக்கு."



"ஒண்ணு செய்யலாம்," என்றார் அவர், தணிந்த குரலில். "டிராப்பரால மூணு கிராமை உறிஞ்சி எடுத்துடு. உனக்குத் தெரியாத எடையா?"

அவள் டிராப்பரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மருத்துவமனையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். வகிட்டில் பச்சை குத்திய சின்னப் புள்ளியைச் சுற்றி ஒரு நாணயம் அளவு இடத்தை நர்ஸ் படமெடுத்து, திரையில் பெரிதாக்கி, ஒவ்வொரு முடியாக எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள்.

"முதல் மாசம் எழுபத்தொண்ணு. இப்ப எண்பத்தெட்டு," என்றாள் திரும்பி. "உங்களுக்கு நல்லா வருதும்மா."

அவள் திரையைப் பார்த்தாள். சன்னமாக, வளைந்து, புதிதாகப் பதினேழு. எழுந்து போய்த் தொட வேண்டும் போலிருந்தது.

நர்ஸ் படிவத்தை எடுத்தாள். "வழக்கமா கேக்கறதுதான். மருந்தை வேற யாரும் உபயோகிக்கலையே? எதுவும் கலக்கலையே? இல்லைன்னு போட்டுக்கவா?"

டிராப்பர் பாட்டிலோடு அவள் கைப்பையில்தான் இருந்தது. இன்னும் ஈரம் காயாத மாதிரி விரலில் பட்டது.

"பாட்டில்ல மூணு கிராம் கூட இருக்கு, சிஸ்டர்."

"கூடவா? குறைஞ்சாத்தானே நாங்க கேப்போம்."

"தண்ணி கலந்திருக்கு. ஒரு வாரமா."

நர்ஸின் பேனா நின்றது. திரையில் இருந்த எண்பத்தெட்டை ஒரு பார்வை பார்த்தாள். "கலந்திருந்தா பேரை எடுத்துடணும்மா. நான் ஒண்ணும் செய்ய முடியாது. யார் கலந்தது?"

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அவர் எழுந்து, தொப்பியைக் கழற்றி மனைவியின் மடியில் வைத்தார். விளக்குக்குக் கீழே வந்து நர்ஸின் முன்னால் தலையைக் குனிந்தார்.

"மீதி மருந்து இங்க இருக்கு, சிஸ்டர். அவ பேரை அடிக்கறதுக்கு முன்னாடி இதையும் ஒருதடவை எண்ணிடுங்க."