காலரின் உள்பக்கம்

காலை ஒன்பது இருபதுக்குப் பாடகியை ஸ்கேன் அறைக்குள் அழைத்துப்போனார்கள். உடைக்காரி வெளியே, நடைவழியில் இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் நீளமான துணி உறை. கசங்கிவிடாமல் இருக்க முழங்கைகளை அகட்டி வைத்துக்கொண்டாள்.

உறைக்குள் மயில்நீல வெல்வெட் கவுன் இருந்தது. தாடைக்குக் கீழே வரை ஏறி நிற்கும் காலர். காலரின் பின்பக்கம் மூன்று கொக்கிகள்.

அந்த வழியாகப் போன நர்ஸ் நின்றாள். உறையின் வாயில் நீலம் கொஞ்சம் தெரிந்தது.

"அந்தப் படத்துல வர்ற கவுனா?"

"ஆமா."

"ஒரு தடவ தொட்டுப் பாக்கட்டா?"

"உங்க கை ஈரமா இருக்கு. வெல்வெட்டு தாங்காது."

நர்ஸ் கையைச் சட்டையில் துடைத்துப் பார்த்தாள். பிறகு மனதை மாற்றிக்கொண்டவள் போல, "எங்கம்மா அந்தப் பாட்டப் பாடித்தான் என்னத் தூங்க வைப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கவுனைக் கொண்டுவரச் சொன்னது பாடகிதான். வீக்கம் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் நேற்றுக் கேட்டிருக்கிறார். பழைய போட்டோக்களைப் பார்த்தார். பத்திரிகையில் வந்ததும் சுவரொட்டியில் வந்ததும் எல்லாமே திருத்திய படங்கள். எல்லாவற்றிலும் ஒரே கழுத்து. "உங்க போட்டோவ வெச்சு ஒன்னும் கண்டுபிடிக்க முடியாது போலிருக்கே," என்று டாக்டர் சிரித்தார். "என்கிட்ட ஒரு கவுன் இருக்கு. பத்தொன்பது வருஷமாப் போடறேன். கழுத்தோட ஒட்டி நிக்கும். அது பொய் சொல்லாது," என்றாள் பாடகி.

அவள் பதினாலு வயதில் மேடை ஏறியவள். சினிமாவுக்கு வந்தபோது நடிக்கிறவர்களுக்கு வேறு யாரோ குரல் கொடுத்தார்கள். குரல் கொடுத்தவர்களின் முகம் யாருக்கும் தெரியாது. இவள் இரண்டையும் தானே செய்தாள். இந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு, படிக்கட்டில் இறங்கியபடி, ஒரே மூச்சில் மேல் ஸ்தாயிக்குப் போய் நின்றாள். அதற்குப் பிறகு அவள் நின்ற இடமெல்லாம் கூட்டம். எந்தக் கச்சேரியிலும் கடைசிப் பாட்டுக்கு இதைத்தான் போட்டுக்கொண்டு வருவாள். பாடுவதற்கு முன்னால் மைக்கில் சொல்வாள்: "அதே கவுன். ஒரு தையல்கூடப் பிரிக்கல." அரங்கம் எழுந்து நின்று கைதட்டும்.

இரண்டரை வருடத்துக்கு முன்புவரை அது உண்மை.

உடைக்காரி வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருடம் ஆகிறது. செட்டில் எல்லோருக்கும் அவள் பட்டன். அவளுக்கு முன்னால் இருந்தவள் ஒருநாள் இடுப்பில் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பூசினாப்புல இருக்கீங்கம்மா," என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். சாயங்காலம் அவள் வேலையில் இல்லை. பட்டனுக்கு முதல் நாளே இந்தக் கதையைச் சொன்னார்கள். கூடவே, இரவல் நகையைப் போல இந்த வேலையைப் பார்த்துக்கொள் என்றும் சொன்னார்கள்.

ஒரு கச்சேரியின் பக்க அறையில் முதல்முறையாக மேல் கொக்கி எட்டவில்லை. பாடகி போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். பட்டன் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு, "நூல் தளந்திருக்கும்மா, ரெண்டே நிமிஷம்," என்று கவுனைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய், கொக்கியைப் பிரித்து, நகக்கண் அளவு தள்ளித் தைத்தாள். தைத்த இடம் வெளியே தெரியவில்லை. இன்றைக்கு ஏறியது நாளைக்கு இறங்கிவிடும், திரும்ப இழுத்துத் தைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

இறங்கவில்லை. நாலு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று கொக்கிகள் நகர்ந்தன. இடுப்பு அப்படியே இருந்தது, தோளும் அப்படியே இருந்தது. காலர் மட்டும்தான். தைக்க இடம் தீர்ந்தபோது கவுனின் அடிமடிப்பிலிருந்து ஒரு பட்டை வெல்வெட்டை வெட்டி காலரில் சேர்த்தாள். அவ்வளவு நேர்த்தியாக அவள் வேறு எதையும் தைத்ததில்லை. தைத்து முடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அவளே ஒரு நிமிடம் பெருமைப்பட்டாள்.

இன்று காலையில் அவள் புருஷன் கேட்டைத் திறந்துவிட்டபடி அதைத்தான் பேசினான். அவன் பாடகி வீட்டுக் காவல்காரன். அந்த வீட்டின் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் இருவருக்கும் வீடு.

"கேட்டா சொல்லு. கேக்காட்டி கொக்கிய மாட்டிட்டு வா."

"கேக்கறதுக்குத்தானே கவுனக் கொண்டுவரச் சொல்றாங்க."

"உன்னையா கேக்கப் போறாங்க? கவுனத்தான் கேக்கப் போறாங்க."

அவன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நல்லவளா இருக்கறதெல்லாம் சரி. நம்ம பெட்டியத் தூக்கிட்டு எங்க போறதுன்னு முதல்ல யோசிச்சுக்க."

உடைக்காரி ஆஸ்பத்திரிக்கு நேரே வரவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு போட்டோ கடை இருக்கிறது. பாடகிக்கு முன்பு மேக்கப் போட்டுவந்த அண்ணன் அங்கே வேலை பார்க்கிறார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு நெற்றியைத் துடைத்துப் பவுடர் போட்டுவிடுவார். எட்டு மணிக்கு அவள் போனபோது கடையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"வா பட்டன். போட்டோ எடுக்க வந்தியா, என் அழகப் பாத்துட்டுப் போக வந்தியா?"

"சும்மா வந்தேண்ணே. இந்தப் பக்கமா வேல."

அவர் துடைப்பத்தை மூலையில் சாத்தினார். மூக்கில் தடிமனான கண்ணாடி. அது வழுக்கி வழுக்கி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டால் மேலே தள்ளினார்.

"கண்ணாடி எப்பப் போட்டீங்க?"

"ரெண்டு வருஷமாச்சே. மூணு டாக்டர் பாத்தாங்க. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாங்க. விடுவனா நான்? சண்ட போட்டு வாங்கினேன்." சிரித்தார். "இல்லாத மேட்டப் பாத்த கண்ணு இல்லையா."

உடைக்காரி துணி உறையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேற இடத்துல கூப்பிடலையாண்ணே?"

"கூப்பிட்டாங்க. நான்தான் போகல. முகத்துல கை வைக்கறவனுக்குத் தன் கண்ணு மேலயே சந்தேகம் வந்துட்டா அப்புறம் பிரஷ்ஷப் பிடிச்சு என்ன பண்றது? இங்கன்னா தொந்தரவு இல்ல. எண்ணெ வழியாமப் பவுடர் அப்பினாப் போதும். எல்லா மூஞ்சியும் ஒரே மூஞ்சிதான்." கண்ணாடியை மேலே தள்ளினார். "அம்மா நல்லா இருக்காங்களா?"

"ம்."

"பாடறாங்களா?"

"நேரமாச்சுண்ணே," என்றாள். சொல்லத்தான் போயிருந்தாள். தெருமுனை வரை வந்து ஒரு தடவை நின்றாள். பிறகு நடந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், மேக்கப் அறையில், அவர் பாடகியின் தாடையை நிமிர்த்திப் பிடித்திருந்தவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்த எடத்துல ஒரு மேடு தெரியுது. போன வருஷம் இல்ல. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்."

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பாடகி கண்ணாடியைப் பார்த்தாள். தினம் பார்க்கிற முகம். அதில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பட்டன், அந்தக் கவுன எடு."

போட்டுவிட்டாள். காலரைச் சுற்றிக் கொண்டுவந்து கொக்கியை மாட்டினாள். இரண்டு நாளைக்கு முன்புதான் நகர்த்தியிருந்தாள். பொருந்தி நின்றது.

"எப்படி இருக்கு?"

"எப்பவும் போலத்தாம்மா."

"பாத்தீங்களா? நீங்க உங்க கண்ண முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே," என்றாள் பாடகி. எல்லோரும் சிரித்தார்கள். மேக்கப் அண்ணனும் சிரித்தார். குனிந்து காலரை உற்றுப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு, "அட ஆமா," என்றார். மறுநாள் அவர் நின்ற இடத்தில் ஒரு பெண் நின்றாள். அவள் தாடைக்குக் கீழே கொஞ்சம் அடர்ந்த பவுடர் போட்டாள், பேச்சுக் கொடுக்கவில்லை. கீபோர்டுக்காரர் கடைசிப் பாட்டின் சுருதியை அரைக்கட்டை இறக்கி வாசித்தார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. போன மாதம் ஒலிப்பதிவில், படிக்கட்டுப் பாட்டின் அதே இடத்தில், பாடகியின் குரல் துணி கிழிவது போலக் கிழிந்தது.

"கவுன் கொண்டு வந்தவங்க உள்ள வாங்க," என்று டாக்டரின் அறைக் கதவைத் திறந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

அறையில் பாடகி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பவுடர் இல்லாத முகம். டாக்டர் மேசைக்குப் பின்னால் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்க் கவுனைப் போட்டுவிட்டாள் உடைக்காரி. மூன்று வாரத்துக்கு முன்னால் கடைசியாக நகர்த்தியது. கொக்கி மூன்றும் மாட்டிக்கொண்டன, கொஞ்சம் இறுக்கமாக.

பாடகி வெளியே வந்து டாக்டர் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். பழக்கம்.

"பாருங்க. லேசாத்தான் பிடிக்குது. போன மாசம் இதுகூட இல்ல." குரல் கரகரத்தது.

டாக்டர் எழுந்து வந்து, காலருக்கும் கழுத்துக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"பத்தொன்பது வருஷமா இதே அளவா?"

"ஒரு தையல் பிரிக்கல."

டாக்டர் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"அப்படின்னா நேராவே சொல்லிடறேன். கட்டியக் குத்தி எடுத்துப் பாத்ததுல தெளிவா ஒன்னும் வரல. இது எவ்வளவு வேகமா வளந்திருக்குங்கறதுதான் கேள்வி. ஒரு மாசத்துல இந்த அளவு வந்திருக்குன்னா நான் காத்திருக்க மாட்டேன். நாளைக்கே அறுவை, அதுக்குச் சொல்லியும் வெச்சிருக்கேன். சுத்தி இருக்கறதையும் சேத்து எடுத்துடுவேன். குரலுக்குப் போற நரம்பு அதுக்குப் பக்கத்துலயேதான் ஓடுது. அதக் காப்பாத்தறேன்னு வாக்குக் குடுக்க முடியாது."

பாடகி வெல்வெட்டை இடுப்பில் நீவிவிட்டாள்.

"மெதுவா வளந்ததுன்னா?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். உடைக்காரி உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மெதுவா வளந்ததுன்னா இவ்வளவு அவசரம் இல்ல. இன்னொரு சோதன பண்ணலாம். நரம்ப ஒதுக்கிட்டு நிதானமா எடுக்கலாம். ஆனா அப்படி இல்லையே இங்க." டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி எழுத ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க டாக்டர்."

"என்னம்மா?"

"எழுதாதீங்க."

அவள் பாடகியின் பின்னால் போய் நின்றாள். பதினொரு வருடமாக நிற்கிற இடம் அதுதான். கொக்கிகளைக் கழற்றினாள். காலரின் ஓரத்தைப் பிடித்து உள்பக்கத்தை வெளியே மடித்தாள். வெல்வெட்டில் ஊசி போன இடம் மூடுவதில்லை. ஆவி பிடித்தாலும் தேய்த்தாலும் மூடுவதில்லை. ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அவற்றைத் தாண்டி, சேர்த்துத் தைத்த பட்டை.

"முதல்ல இங்க இருந்துச்சு," என்றாள். விரல் நகர்ந்தது. "அப்புறம் இங்க. இங்க. ரெண்டர வருஷமா."

டாக்டர் விளக்கை இழுத்துக் கிட்டே கொண்டுவந்தார். பேனா முனையால் எண்ணினார். ஒன்பது. ஒரு அளவுகோலை எடுத்து முதல் ஓட்டைக்கும் கடைசிக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார்.

"இத ஏன் நேத்தே யாரும் சொல்லல?" என்று உரக்கவே கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படிவத்தை இரண்டாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "இருங்க. நாளைக்குப் போட்ட அறுவைய நிறுத்தச் சொல்லிட்டு வரேன்." கதவு அவர் பின்னால் மெல்ல வந்து மூடிக்கொண்டது.

பாடகி திரும்பவில்லை. கவுன் முதுகில் திறந்தபடி இருந்தது. கழுத்தெலும்பின் மேல் காலர் அழுத்திய சிவப்புத் தடம். உடைக்காரி மாட்டிவிடுவதா கழற்றிவிடுவதா என்று தெரியாமல், இரண்டு கைகளாலும் காலரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கீழே தெருவில் ஒரு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுப் பின்னறையின் கட்டிலுக்கு அடியில் இருக்கும் தகரப்பெட்டி அவளுக்கு நினைவு வந்தது. அதன் பூட்டுக்குச் சாவி எங்கே என்று யோசித்தாள்.

பாடகியின் கை மெதுவாகப் பின்னால் வந்தது. பார்வையில்லாதவர் படிப்பதுபோல விரல் நுனியால் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. நடுவில் ஓரிடத்தில் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

"பட்டன்," என்றாள். அந்தக் கரகரத்த குரல் ரொம்பவும் தணிந்திருந்தது. "அன்னைக்கு அந்த அண்ணன் சொன்னாரே. அப்ப கொக்கி எந்த ஓட்டைல இருந்துச்சு?"