வடிகட்டிய மெழுகு

வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. அழகுக்கலை வகுப்பில் சேர்ந்து, பயிற்சிக்கு அண்ணியின் பார்லருக்கே வந்திருந்தாள். அன்று பின்னறைக் கதவைத் திறந்தவள் திகைத்துப்போனாள்.

முடி நீக்க வாடிக்கையாளர்களின் காலில் பூசி உரித்த சர்க்கரை மெழுகை உருக்கி, டீ வடிகட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள் அண்ணி. வலையில் சுருள் சுருளாக முடி. நடுநடுவே சாம்பல் நிறச் செதில். வியர்வையும் சர்க்கரையும் சேர்ந்து கருகின வாடை. பாப்பா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கருமம்! என்ன அண்ணி இது?"

"முடிதான் போயிடுச்சே, அப்புறம் என்ன? சூட்டுல கிருமியெல்லாம் செத்துடும்."

"தோல் தாங்குற சூட்டுல கிருமி எங்க சாகும்? முடியைப் பிடுங்கினா மயிர்க்கால் வாயைத் திறந்துக்கும். நேரா உள்ள போயிடும்."

"நேத்து சேர்ந்துட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"அப்ப உங்க முகத்துல போட்டுப்பீங்களா?"

கேட்டிருக்கக் கூடாது. அண்ணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அந்த மெழுகையே குச்சியால் எடுத்து மேலுதட்டில் தடவினாள். யாருடையதோ ஒரு முடி அதில் நெளிந்தது. வெடுக்கென்று உரித்துவிட்டு, "பார்த்துக்கோ" என்றாள்.

வாரம் முடிவதற்குள் அண்ணி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். கையை எடுத்தாள். உதட்டுக்கு மேல் சீழ் கோத்த கொப்புளங்கள். உடைந்தவற்றின் மேல் தேன் நிறத்தில் பொருக்கு.

"உங்க அண்ணன் பக்கத்துலயே உட்கார மாட்டேங்கிறாரு. நீயாவது தொட்டுப் பாரு. ஏதாச்சும் கிரீம் போடேன்."

நீண்டு வந்து பற்றிய அண்ணியின் கையிலிருந்து பாப்பா தன் கையை உதறிக்கொண்டாள். அண்ணியின் கண் கலங்கியது. பாவமாகத்தான் இருந்தது, அருவருப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

"நான் தொடக் கூடாது அண்ணி. நீங்களும் கையை வைக்காதீங்க. டாக்டர்கிட்டதான் போகணும்."

கையுறை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெழுகுச் சட்டியை அப்படியே குப்பைப் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினாள்.

"அந்த மெழுகைப் போட்டுக்கிட்டுப் போனவங்களுக்கு?" என்று கேட்டாள் அண்ணி.

"நீங்கதான் சொல்லணும்."

அண்ணி போனை எடுத்து ஒரு வாடிக்கையாளரை அழைத்தாள். "அக்கா, கால்ல கொப்புளம் ஏதாவது..." என்று தொடங்குவதற்குள் அந்தப் பக்கத்துக் கத்தல் பாப்பாவின் காதுவரை கேட்டது. அண்ணி போனை வைத்துவிடவில்லை. வாங்கிக்கட்டிக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

பாப்பா குழாயடியில் நின்று, முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.