மோத்தேயின் முதல் வெட்டு

நிக்காசியா நூற்ற நூலெல்லாம் இடப்பக்கம் முறுக்கியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் நாத்தனார் பௌலினா. ஓடைக்கு அந்தப் பக்கம் வீடு. உப்பு வாங்க வந்தவள், சுவரோரம் அடுக்கியிருந்த நூல் உருண்டைகளில் ஒன்றை எடுத்து விரல் நடுவே உருட்டிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். அப்புறம் மூலைவரைக்கும் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வந்த காரியத்தை மறந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மலையில் நூல் வலப்பக்கம்தான் முறுக்கும். பால்குடி மறந்த குழந்தைக்குக்கூடத் தக்ளியை எந்தப் பக்கம் சுண்ட வேண்டும் என்று தெரியும். இடச்சுற்று நூல் சாவுக்கு உரியது. செத்தவர் இடுப்பில் அதைக் கட்டுவார்கள். ஐந்தாம் நாள் ஆற்றில் அவர் துணிமணிகளைத் துவைத்த பிறகு, வீட்டார் மணிக்கட்டிலும் கட்டி, வெடுக்கென்று அறுத்துத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். செத்தவர் கூப்பிட்டால் இருப்பவர் பின்னாலேயே போய்விடக் கூடாதே, அதற்காக. ஒரு சாவுக்கு ஒரு முழம் இரண்டு முழம் நூற்றால் போதும். நிக்காசியா ஒன்றரை வருஷமாக அதையே நூற்றுக் குவித்திருந்தாள், போர்வைக்கும் சாக்குக்கும்.

"ஏன் அண்ணி, ஊரையே கட்டி வழியனுப்பற அளவுக்கு நூத்து வெச்சிருக்கீங்களே," என்றாள் பௌலினா. கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

நிக்காசியா உருண்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஆமாம் என்றாள். பிறகு எரிக்க வைத்திருந்த காய்ந்த புழுக்கையை இரண்டு கை அள்ளி அடுப்பில் போட்டுவிட்டு உப்பை எடுத்துக் கொடுத்தாள்.

மகள் நாயெலி போனதிலிருந்து அவள் இப்படித்தான். அழவில்லை. ஆற்றங்கரையில் பௌலினா அவள் மணிக்கட்டு நூலை அறுத்தபோதும், எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோதும், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் விடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு போனாள். உறைபனி மிதக்கிற ஓடையில் கிழங்கு கழுவுவாள். புறங்கை வெடித்து ரத்தம் வழியும், அவளுக்கு வலி தெரியாது. புருஷன் ஹிலாரியோ சொன்னால்தான் கையைப் பார்ப்பாள். கொழுப்பு தடவிக்கோ என்பான். தடவிக்கொள்வாள். துக்கத்தை விழுங்கிக்கொண்டாள், நெஞ்சழுத்தக்காரி என்று ஊர் மெச்சியது. ஊருக்கென்ன, வாய் இருக்கிறது. விழுங்குவதற்குக்கூட உள்ளே ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

எந்த வேலையையும் அவள் வேண்டாம் என்று தள்ளியதில்லை. ஒன்றைத் தவிர. மோத்தேயின் ரோமத்தை வெட்ட விடமாட்டேன் என்றாள்.

மோத்தே, நாயெலியின் அல்பாக்கா; நீண்ட கழுத்தும் அடர்ந்த ரோமமுமாக, அந்த மலையில் ஆட்டுக்குப் பதில் வளர்க்கிற பிராணி. குழந்தைக்கு முதல் முடி இறக்கிய அன்று, தலைமுடியில் ஒரு கற்றை வெட்டிய ஞானத்தகப்பன் தன் பங்குக்குக் கொடுத்த வெள்ளைப் பெட்டைக்குட்டி. அப்படிக் கொடுத்த உயிரும் அது ஈனுவதும் அந்தக் குழந்தைக்குத்தான் சொந்தம். பெற்றவர்கள்கூட உரிமை கொண்டாட முடியாது. பேசத் தெரிந்ததும் அவளே அதற்கு மோத்தே என்று பேர் வைத்தாள். வேகவைத்த சோளம் என்று அர்த்தம். அவள் தட்டில் அதைவிட வெளுப்பாக வேறெதுவும் விழுந்ததில்லை. காதில் ஆரஞ்சுக் குஞ்சம் கட்டினார்கள், இது நாயெலியுடையது என்பதற்கு அடையாளமாக.

சொந்தக்காரர்தான் முதல் வெட்டு வெட்ட வேண்டும். அது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள முறை. நவம்பரில் ரோமம் வெட்டும்போது ஹிலாரியோ கால்களைப் பிடித்துக்கொள்வான். ஐந்து வயதுக்காரி நாக்கைத் துருத்திக்கொண்டு, இரண்டு கையாலும் கத்தரியை அழுத்தி ஒரு கொத்து வெட்டுவாள். அதை முகர்ந்து பார்த்துத் தும்முவாள். அதற்கப்புறம்தான் பெரியவர்கள் மீதியை வெட்டலாம்.

அவள் கடைசியாக வெட்டிய நவம்பருக்குப் பின் வந்த ஜூலையில், அங்கே அதுதான் குளிர்காலம், பனி கொட்டியது. நாயெலிக்கு நெஞ்சுச்சளியும் காய்ச்சலும். மந்தையைக் கல்பட்டியில் அடைத்துவிட்டு, ஆளுக்குக் கொஞ்ச தூரம் மாற்றி மாற்றி மகளைச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். ரோட்டில் ஒரு லாரி அகப்பட்டது. மேலே கணவாய் மூடிக்கொண்டது. பௌலினாவும் அப்போது கீழே டவுனில்தான் இருந்தாள். போனவர்கள் ஒரு வாரம் கழித்து இரண்டு பேராகத் திரும்பி வந்து பட்டியைத் திறந்தபோது நாலைந்து உருப்படி செத்துக் கிடந்தது. மிஞ்சியவை பசியில் ஒன்றன் ரோமத்தை ஒன்று மென்றுகொண்டிருந்தன. திறந்ததும் ஒரே ஓட்டமாகப் போய்ப் பனியைக் கிளறிப் புல்லைத் தேடின. நிக்காசியா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை ஒன்றும் விசாரிக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன.

முதல் நவம்பரில் ஹிலாரியோ கேட்டான். வேண்டாம் என்றாள். சரி என்றான். அடுத்த நவம்பரில் மறுபடி கேட்டான். மோத்தேக்குக் கண் மறைய ரோமம் தொங்கியது, வயிற்றடியில் சகதி உருண்டையாகக் கட்டியிருந்தது. சந்தைக்குப் போகிறவர்கள் போர்வைக்கடை கிளம்பிடுச்சு என்று அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதுவும் சினையாக வேறு இருந்தது. வேண்டாம் என்று அதே குரலில் சொன்னாள். அவன் காரணம் கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஜனவரி மழையில் ஒரு விடியலில் மோத்தேயைக் காணவில்லை. ராத்திரி முழுக்க ஆலங்கட்டி விழுந்திருந்தது. தேடிப் போனபோது, ஓடைக்குக் கீழே சதுப்பில் பக்கவாட்டாகச் சாய்ந்து கிடந்தது. இரண்டு வருஷத்து ரோமமும் தண்ணீரைக் குடித்து ஊதியிருந்தது. கழுத்தை மட்டும் தூக்கி ம்ம், ம்ம் என்று முனகியது. சற்றுத் தள்ளியிருந்த பாறையில் இரண்டு பிணந்தின்னிப் பறவைகள் வந்து அமர்ந்து, அவசரமில்லாமல் காத்திருந்தன.

இருவரும் இழுத்தார்கள். கயிறு போட்டு இழுத்தார்கள். அவன் முழங்கால் அளவு சகதியில் இறங்கி முதுகு கொடுத்துத் தூக்கினான். ஒரு சாண் எழும்பியது, பிறகு கனம் அதைத் திரும்பக் கீழே இழுத்துக்கொண்டது. மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. இன்னொரு ஆலங்கட்டி விழுந்தால் தாயும் மிஞ்சாது, உள்ளே இருப்பதும் மிஞ்சாது.

ஹிலாரியோ இடுப்புத் துணிக்குள்ளிருந்து கத்தரியை எடுத்தான். மாட்டி மாட்டித் துணியில் அதன் வடிவமே பதிந்திருந்தது. நவம்பரிலிருந்து அதை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"வெட்டணும், நிக்காசியா. தண்ணிக் கனம். இவளால எந்திரிக்க முடியாது."

"சொந்தக்காரி வரட்டும்," என்றாள். "அவதானே மொத வெட்டு வெட்டணும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஹிலாரியோ கத்தரியை அவள் பக்கம் நீட்டினான்.

"அவ வரமாட்டா," என்றான். "நானும் இத்தன நாளாச் சொல்லாமலே இருந்து பாத்துட்டேன். வரமாட்டா. உள்ள ஒண்ணு உசுரோட கெடக்கு. நீ வெட்டு. இல்ல, வெட்டுன்னு என்கிட்டயாவது சொல்லு."

நிக்காசியா சகதியில் மண்டியிட்டு ஈர ரோமத்துக்குள் கையை விட்டாள். முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று. அடியில் தோல் சூடாக இருந்தது. வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அவள் உள்ளங்கையை முட்டியது, நிறுத்தியது, மறுபடி முட்டியது.

கத்தரியை வாங்கி, மகள் வெட்டுகிற தோள்பட்டையிலேயே ஒரு கொத்து வெட்டினாள். மடியில் வைத்துக்கொண்டாள். மீதியை அவன் கத்தியாலும் அவள் கத்தரியாலும் அறுத்தார்கள். அழகு பார்க்க நேரமில்லை. ஈர ரோமம் அறுபட மறுத்தது. பாளம் பாளமாகக் கிழித்துக் கரையில் எறிந்தார்கள். மேல்பக்கம் முடிந்ததும் கயிற்றைப் போட்டு, ஒன்று, ரெண்டு என்று அவன் சொல்ல, மோத்தே காலை ஊன்றி எழுந்துவிட்டது. அதன் உடம்பைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய மூட்டைக்குள் இத்தனூண்டு பிராணிதான் இருந்திருக்கிறது, வயிறு மட்டும் பெரிதாக. உடம்பை உதறியது. நேரே மந்தை சாணம் போடுகிற மேட்டுக்கு நடந்து போய், ரொம்ப நேரம் நின்று மூத்திரம் பெய்தது. மற்றவை இது யார் புதுசாக என்று மோந்து பார்த்தன. ஹிலாரியோ தன் போர்வையைக் கழற்றி அதன் முதுகில் போட்டுக் கட்டினான்.

நிக்காசியா கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த முதல் கொத்தைப் பிழிந்தாள். நுனியில் நாலு விரல் அளவுக்கு வெயிலும் மழையும் பட்டு மஞ்சளித்திருந்தது; அதற்குக் கீழே வெள்ளை. நுனிதான் முதலில் வளர்ந்தது. அந்த நாலு விரல் வளரும்போது நாயெலி இருந்தாள். அதில் அவள் கை பட்டிருக்கும், சோள எச்சில் பட்டிருக்கும், ராத்திரிப் பட்டியில் அவள் கன்னம் பட்டிருக்கும்.

ரோமம் தரம் பார்க்கிற எந்தப் பெண்ணும் செய்வதை அவள் கை தானாகச் செய்தது. ஒரு சின்னப் புரியைப் பிரித்து, இரு முனையையும் பிடித்து, காதருகே வைத்துச் சுண்டி இழுத்தாள். நல்ல ரோமமாக இருந்தால் கம்பி மாதிரி ஒலிக்கும்.

சட்டென்று அறுந்தது.

இன்னொரு புரியை எடுத்தாள். அதுவும் அதே இடத்தில் அறுந்தது, நுனியிலிருந்து நாலு விரல் தள்ளி. மூன்றாவதும் அங்கேயேதான்.

பட்டினி கிடந்த பிராணிக்கு அந்த நாட்களில் வளர்கிற ரோமம் மெலிந்துபோகும். பிறகு எவ்வளவு மேய்ந்தாலும் மெலிந்த இடம் மெலிந்ததுதான். அப்படிப்பட்டதை நூற்க முடியாது, சந்தையில் ஒதுக்கிவிடுவார்கள். இதெல்லாம் நிக்காசியாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பசிதான், வேறொன்றுமில்லை. அல்பாக்கா யாருக்காகவும் துக்கம் காக்காது. ஆனால் இத்தனை நாளாக அவள் தேடியது ஒரே ஒரு தடயத்தைத்தான். மலை அப்படியே இருந்தது, மந்தை மேய்ந்தது, நூல் முறுக்கியது, அவளும் சாப்பிட்டாள். அந்த வாரம் நடந்ததாக எதிலும் ஒரு கீறலும் இல்லை. இதோ, இது அங்கே அறுந்திருக்கிறது. ஒவ்வொரு இழையிலும் அறுந்திருக்கிறது.

"இங்க வா," என்றாள். "இத இழுத்துப் பாரு."

ஹிலாரியோ குந்தி உட்கார்ந்து, புரியை வாங்கிக் காதருகே வைத்து இழுத்தான். அறுந்த இரண்டு துண்டையும் பார்த்தான். எந்த இடம் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் துண்டு இருந்த கையை மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

முதல் ஆலங்கட்டி புல்லில் விழுந்தது. எழுந்து போக வேண்டும், மோத்தேயைப் பட்டிக்குள் சேர்க்க வேண்டும். நிக்காசியா தன் கைகளைப் பார்த்தாள். புறங்கை முழுக்க வெடித்து, சகதியும் ரத்தமுமாக இருந்தது.

"ஹிலாரியோ," என்றாள். "எனக்குக் கை வலிக்குது."

அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"ரொம்ப வலிக்குது," என்றாள், மடியில் ஈர ரோமத்தோடு.